பேசும் வாயைச் செய்து பார்த்தவர்கள்

வோல்ஃப்காங் ஃபான் கெம்பெலென் 1734-இல் பிரெஸ்பர்க் நகரில் பிறந்தார். ஸ்லோவாக்கியாவின் இன்றைய தலைநகரான பிராட்டிஸ்லாவாதான் அந்த ஊர். பேரரசி மரியா தெரேசாவின் அரசில் அவர் உயர் அதிகாரி. இயந்திரங்கள் செய்வதில் தணியாத ஆர்வம் உடையவர். சதுரங்கம் ஆடும் துருக்கியன் என்ற பொம்மையால் அவர் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. அந்தப் பொம்மையின் பெட்டிக்குள் ஓர் ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார் என்பது பின்னாளில் வெளிப்பட்டது. ஆனால் 1769 முதல் அவர் உழைத்துவந்த இன்னொரு இயந்திரத்தில் எந்த ஏமாற்றும் இல்லை. மனிதர் எப்படிப் பேசுகிறார் என்று அறிவதற்காக அவர் செய்த பேசும் இயந்திரம் அது.

முதலில் சமையலறைத் துருத்தி ஒன்றை எடுத்தார். பேக்பைப் வாத்தியத்தின் சீவாளியை அதில் பொருத்தினார். கிளாரினெட்டின் விரிந்த அடிப்பகுதியை வாயாக வைத்தார். துருத்தியை அழுத்தி, வாயைக் கையால் மூடித் திறந்தபோது உயிரொலி போன்ற ஓசைகள் வந்தன. அந்த ஊக்கத்தில் இரண்டாவது இயந்திரத்தைச் செய்தார். ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனிக் குழல், ஒவ்வொரு குழலுக்கும் ஒரு கட்டை. ஆர்கன் வாசிப்பதைப் போலக் கட்டைகளை வரிசையாக அழுத்தினால் சொல் பிறக்கும் என்பது அவர் கணக்கு.

கணக்கு பொய்த்தது. ஒலிகள் ஒவ்வொன்றும் தனியே வந்தன; ஒன்றோடொன்று சேரவில்லை. எழுத்துகள் கேட்டன, சொல் கேட்கவில்லை. பல குழல்களால் பேச முடியாது, எல்லா ஒலிகளும் ஒரே தொண்டை வழியாக ஒரே வாயிலிருந்து வந்தாக வேண்டும் என்று கெம்பெலென் முடிவு செய்தார். பேச்சு என்பது தனித்தனி ஒலிகளின் கோவை அல்ல, இடைவிடாமல் உருமாறும் ஒரே பாதையின் ஓட்டம் என்ற உண்மைக்கு அந்தத் தோல்விதான் அவரை இட்டுச் சென்றது. நாம் ஓர் ஒலியைச் சொல்லி முடிப்பதற்குள் வாய் அடுத்த ஒலிக்குத் தயாராகத் தொடங்கிவிடுகிறது. ‘கீ’ என்று சொல்லும்போதும் ‘கூ’ என்று சொல்லும்போதும் முதலில் வரும் ககரம் ஒன்றல்ல. முன்னதில் நாக்கு சற்று முன்னே அண்ணத்தைத் தொடுகிறது. பின்னதில் உதடுகள் முன்கூட்டியே குவிந்துவிடுகின்றன.

இந்த அத்தியாயம் பேசும் வாயைச் செய்து பார்த்தவர்களைப் பற்றியது. இருநூற்றைம்பது ஆண்டுகளாக இந்த வேலை நடக்கிறது. அவர்கள் செய்த எந்த இயந்திரமும் நம்மைப் போலப் பேசியதில்லை. ஆனாலும், பிணத்தை அறுத்துப் பார்த்தோ வாயைக் கூர்ந்து நோக்கியோ தெரிந்துகொள்ள முடியாத ஏதோ ஒன்றை ஒவ்வொரு இயந்திரமும் தன் குறையாலேயே கற்றுக் கொடுத்திருக்கிறது.

ஒற்றை வாய்

கெம்பெலெனின் மூன்றாவது இயந்திரத்தில் நுரையீரலுக்குப் பதில் துருத்தி இருந்தது. குரல் நாண்களுக்குப் பதில் மெல்லிய தந்தத் தகடு அதிர்ந்தது. அதற்கு மேலே ரப்பரால் ஆன புனல் வடிவ வாய். மூக்குக்கு இரண்டு சிறு குழாய்கள். சகரம் போன்ற உரசொலிகளுக்குத் தனி நெம்புகோல்கள். இயக்குபவர் வலக்கை முழங்கையால் துருத்தியை அழுத்துவார், அதே கை விரல்களால் நெம்புகோல்களையும் மூக்குத் துளைகளையும் கவனிப்பார், இடக்கையால் வாயை மூடியும் திறந்தும் வடிவம் தருவார். குழந்தைக் குரலில் ‘மாமா’, ‘பாப்பா’ போன்ற சொற்கள் வந்தன. லத்தீனும் இத்தாலியமும் எளிதாக வந்தன. ஜெர்மன் கடினமாக இருந்தது. இந்த ஆய்வு முழுவதையும் 1791-இல் வியன்னாவில் ஒரு பெரிய நூலாக அவர் வெளியிட்டார். படங்களும் அளவுகளும் அதில் இருந்ததால் பிறர் அதைப் பார்த்துச் செய்ய முடிந்தது.

அந்த இயந்திரத்துக்கு நாக்கு கிடையாது. அதனால் தகரம், ககரம் போன்ற ஒலிகளைப் பகரத்தைச் சற்றே மாற்றித்தான் ஒப்பேற்ற முடிந்தது. நாக்கு இல்லாத வாயால் எவ்வளவு பேச முடியும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு அதுவே சோதனையாகவும் ஆயிற்று.

இங்கிலாந்தின் இயற்பியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் அந்நூலைக் கொண்டு இயந்திரத்தை மறுபடியும் செய்து 1835-இல் டப்ளினில் நடந்த அறிவியல் கூட்டத்தில் காட்டினார். 1863-இல் அதை லண்டனில் பார்த்த இளைஞர் ஒருவர் ஊர் திரும்பி, தன் அண்ணனோடு சேர்ந்து ரப்பராலும் தகரத்தாலும் பேசும் தலை ஒன்றைச் செய்தார். அவர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். பேச்சு என்பது காற்றின் அதிர்வு, அதைப் பொருளால் உண்டாக்க முடியும் என்ற நம்பிக்கையை அந்த ரப்பர்த் தலை அவருக்குக் கொடுத்தது. தொலைபேசிக்கு அவர் 1876-இல் காப்புரிமை பெற்றார்.

ஒலியும் வடிவமும்

கெம்பெலென் உழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் கிராட்ஸென்ஸ்டைன் வேறு வழியில் போனார். உயிரொலிகள் ஒன்றுக்கொன்று எப்படி வேறுபடுகின்றன, அவற்றை எழுப்பும் கருவி செய்ய முடியுமா என்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் ஒரு போட்டி வைத்தது. கிராட்ஸென்ஸ்டைன் ஐந்து குழல்கள் செய்து 1780-இல் பரிசை வென்றார். அக்குழல்களின் வடிவம் மனித வாயைப் போல இல்லை. ஆனாலும் அவை உயிரொலிகளை எழுப்பின.

இது எப்படி நடந்தது என்பதுதான் பேச்சறிவியலின் அடிப்படைப் பாடம். குரல் நாண்கள் எழுப்புவது ஒரு ரீங்காரம் மட்டுமே. அதில் அகரமும் இல்லை, இகரமும் இல்லை. பல அதிர்வெண்கள் அதில் கலந்திருக்கின்றன. குரல் நாண்களிலிருந்து உதடு வரை உள்ள பாதை அவற்றில் சிலவற்றை ஒத்ததிர்வால் பெருக்கிக் காட்டுகிறது, மற்றவற்றை அடக்குகிறது. இந்தக் குரல்பாதையின் நீளம் வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 செ.மீ. ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த 17 செ.மீ. நேர்குழாயை எடுத்துக்கொண்டால் அது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அளவுகளில் ஒத்ததிரும். நாக்கையும் உதட்டையும் தாடையையும் அசைத்து இந்தக் குழாயை ஓரிடத்தில் இறுக்கி, ஓரிடத்தில் அகட்டினால் அந்த அளவுகள் இடம் மாறும். ஆண் குரலில் ‘ஆ’ சொல்லும்போது முதல் இரண்டும் 700, 1100 ஹெர்ட்ஸை ஒட்டி அமைகின்றன. ‘ஈ’ சொல்லும்போது 300-க்குக் கீழும் 2300-ஐ ஒட்டியும் விலகிப் போகின்றன. நம் காது அந்த இடைவெளியைத்தான் ஆகாரம் என்றும் ஈகாரம் என்றும் அறிகிறது.

ஜப்பானில் ட்சுடோமு சிபா, மசாடோ கஜியாமா என்ற இருவர் எக்ஸ்ரே படங்களின் துணையோடு குரல்பாதையை அளந்து, உயிரொலிகளின் இயல்பைப் பற்றிய நூலை 1940களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். போர்க்காலத்தில் வந்ததால் உலகம் அதைத் தாமதமாகவே கண்டது. ஸ்வீடனின் குன்னார் ஃபாண்ட் 1960-இல் எழுதிய நூலில் இந்தச் சிந்தனை முழுமையான கோட்பாடாக உருப்பெற்றது. குரலைத் தருவது ஒன்று, அதை வடிகட்டி உருவம் தருவது இன்னொன்று என்பது அதன் சாரம்.

டோக்கியோ சோஃபியா பல்கலைக்கழகத்தின் தகாயுகி அராய், சிபாவும் கஜியாமாவும் அளந்த அளவுகளைக் கொண்டு கண்ணாடி போன்ற அக்ரிலிக் குழல்களைச் செய்தார். நடுவே வெவ்வேறு அளவில் துளையிட்ட சதுரத் தகடுகளை வரிசையாக அடுக்கும் மாதிரியும் அவருடையது. தகடுகளை ஒரு வரிசையில் அடுக்கிப் பின்னாலிருந்து ரீங்கார ஒலியைச் செலுத்தினால் ஓர் உயிரொலி கேட்கிறது. அடுக்கை மாற்றினால் இன்னொன்று. மாணவர் தம் கையாலேயே குரல்பாதையின் வடிவத்தை மாற்றி அதன் விளைவைக் காதால் கேட்க முடிகிறது. கோட்பாட்டைப் பத்துப் பக்கம் படிப்பதைவிட இது உறுதியாக மனத்தில் பதியும்.

இதே உண்மைக்கு மருத்துவமனைகளிலும் சான்று உண்டு. புற்றுநோயால் குரல்வளையை இழந்தவர்கள் கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி வெறும் ரீங்காரத்தைத்தான் தருகிறது. அதைச் சொற்களாக்குவது அவர்களுடைய நாக்கும் உதடும்தான். குரல் போனாலும் பேச்சின் பெரும்பகுதி அவர்களிடமே இருக்கிறது.

குரல் நாண்களை அசைப்பது எது?

1950-இல் பாரிஸில் ரௌல் ஹுஸ்ஸோன் என்ற ஆய்வாளர் புதுக் கருத்து ஒன்றை முன்வைத்தார். குரல் நாண்களின் ஒவ்வோர் அதிர்வும் மூளையிலிருந்து வரும் தனித்தனி நரம்புத் துடிப்பால் நடக்கிறது என்றார். ஆண்கள் இயல்பாகப் பேசும்போது அவை நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்கள் பேசும்போது இருநூறு முறைக்கு மேலும் அதிர்கின்றன. அவர் கருத்துப்படி அத்தனை துடிப்புகளையும் மூளை ஒவ்வொன்றாக அனுப்பியாக வேண்டும். பல ஆண்டுகள் இது தீவிரமாக விவாதிக்கப்பட்டது.

இந்த வாதத்தைத் தீர்க்க மூளையே இல்லாத குரல்வளைதான் தேவைப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன்பே பெர்லினில் யோகானஸ் முல்லர், இறந்தவரிடமிருந்து எடுத்த குரல்வளையின் வழியே காற்றைச் செலுத்தி அதிலிருந்து குரலை எழுப்பிக் காட்டியிருந்தார். நரம்பு இல்லாமலேயே நாண்கள் அதிர்ந்தன. டச்சு ஆய்வாளர் ஃபான் டென் பெர்க் 1958-இல் இதற்கான விளக்கத்தைத் தெளிவாக வகுத்தார். தசைகள் நாண்களை நெருக்கி, இழுவிசையை மட்டும் அமைத்துத் தருகின்றன. அடியிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் அவற்றைப் பிரிக்கிறது. மீள்திறனும் காற்றோட்டமும் மறுபடி ஒட்ட வைக்கின்றன. மூளையின் வேலை நாண்களைச் சரியான நிலையில் வைப்பது. அதிர வைப்பது காற்றின் வேலை.

இதன் நுட்பத்தை இன்று சிலிகோன் மாதிரிகள் விளக்குகின்றன. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970களில் குரல் நாண் ஒரே பொருளால் ஆனதல்ல, உள்ளே இறுகிய தசையும் மேலே நெகிழ்ந்த உறையும் கொண்டது என்று காட்டினார். ஆய்வகங்களில் பல மென்மை உள்ள சிலிகோனை அடுக்கடுக்காக வார்த்து நாண்கள் செய்கிறார்கள். அடியிலிருந்து காற்றைச் செலுத்தி அதிர்வை அதிவேகக் கேமராவில் பிடிக்கிறார்கள். மேலுறையை இறுக்கமாக்கினால் குரல் எழவே கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கிறது. ஒரு நாணை மட்டும் தளர விட்டால், ஒரு பக்க நரம்பு செயலிழந்த நோயாளியிடம் காணும் ஒழுங்கற்ற அதிர்வு வருகிறது. உயிருள்ள ஒருவரின் தொண்டையில் இப்படி ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க முடியாது, செய்யவும் கூடாது. மாதிரியில் நூறு முறை செய்யலாம்.

கணினி இருக்கும்போது ரப்பர் எதற்கு?

இன்றைய கைப்பேசி அழகாகப் பேசுகிறது. அதற்கு நுரையீரலும் இல்லை, நாக்கும் இல்லை. மனிதர் பேசிய பல்லாயிரம் மணி நேரப் பதிவுகளிலிருந்து ஒலியலையை நேராகக் கணித்துத் தருகிறது. பேச்சு எப்படிக் கேட்கும் என்பது அதற்குத் தெரியும். உடல் அதை எப்படிச் செய்கிறது என்பது அதற்குத் தெரியவே வேண்டாம். ஒரு குழந்தைக்கு ஏன் ரகரம் வரவில்லை, பக்கவாதம் வந்தவரின் பேச்சு ஏன் குழறுகிறது என்று அதைக் கேட்டால் பயனில்லை.

உடலையே கணினிக்குள் சமன்பாடுகளாக அமைப்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பிர்க்ஹோல்ஸ் உருவாக்கிய குரல்பாதை மென்பொருள் அப்படிப்பட்டது. ஆனால் சில இடங்களில் சமன்பாடு திணறுகிறது. ‘ஸ’ சொல்லும்போது நாக்கின் நடுவே ஒரு மெல்லிய பள்ளம் உண்டாகிறது; அதன் வழியே பாயும் காற்று பல்லில் மோதிச் சுழன்று இரைகிறது. அந்தச் சுழலைக் கணக்கிடுவது மிகக் கடினம். பள்ளம் சிறிது அகன்று பின்னே நகர்ந்தால் ‘ஸ’ ‘ஷ’ ஆகிவிடுகிறது. பொருளால் செய்த வாயில் இந்தக் கணக்கை யாரும் போட வேண்டியதில்லை. காற்று தானே சுழல்கிறது, ரப்பர் தானே நசுங்குகிறது. அதனால்தான் பிர்க்ஹோல்ஸின் குழுவே ஓர் ஆண், ஒரு பெண் இருவரின் வாயை எம்.ஆர்.ஐ. படமெடுத்து, ஒருவருக்கு 22 வடிவங்கள் வீதம் முப்பரிமாண அச்சில் செய்யத்தக்க மாதிரிகளாக்கி, அவற்றை அளந்த முடிவுகளோடு 2020-இல் உலகுக்கு இலவசமாக வெளியிட்டது.

அதே 2020-இல் இங்கிலாந்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. லீட்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள நெஸ்யாமுன் என்ற எகிப்தியப் பூசாரியின் உடல் மூவாயிரம் ஆண்டுப் பழமையானது. அதை சி.டி. ஸ்கேன் செய்து, தொண்டையின் வடிவை அச்சிட்டு, செயற்கைக் குரலைச் செலுத்தி ஓர் ஒலியை எழுப்பினார்கள். எகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடைப்பட்ட ஒரே ஓர் உயிரொலிதான் கிடைத்தது. அச்சிட்ட வடிவம் அசையாது. அசையாத வாயால் ஓர் ஒலிக்கு மேல் சொல்ல முடியாது.

பேச்சு என்பது அசைவு. ‘பம்பரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் பகரத்துக்கு உதடுகள் மூடியிருக்கின்றன, குரல் நாண்கள் விலகியிருக்கின்றன. உதடு பிரிந்ததும் நாண்கள் சேர்ந்து அகரத்துக்கு அதிரத் தொடங்குகின்றன. மறுபடி உதடு மூட, மென்னண்ணம் கீழிறங்கி மூக்கின் வழியைத் திறக்க, மகரம் ஒலிக்கிறது. அடுத்த பகரத்துக்கு உதடுகளில் எந்த மாற்றமும் இல்லை. மென்னண்ணம் மட்டும் மேலேறி மூக்கை அடைக்கிறது, நாண்கள் அதிர்வை நிறுத்தாமல் தொடர்கின்றன. அதனால் முதல் பகரம் வல்லோசையாகவும் இரண்டாம் பகரம் மெல்லோசையாகவும் கேட்கின்றன. இவையெல்லாம் அரை நொடிக்குள் நடக்கின்றன. இவற்றில் ஒன்று நொடியின் நூறில் சில பங்கு பிந்தினாலும் சொல் வேறாகிவிடும்.

இந்த ஒருங்கிணைப்பை முழுதாகச் செய்து பார்க்கும் முயற்சிதான் டோக்கியோ வசேடா பல்கலைக்கழகத்தில் அட்சுவோ தகானிஷியின் குழு உருவாக்கிய வசேடா டாக்கர் ரோபோக்கள். 1990களின் இறுதியில் தொடங்கி, பத்தாண்டுகளில் ஏழு தலைமுறைகள் வந்தன. நுரையீரல், குரல் நாண்கள், நாக்கு, தாடை, பற்கள், உதடுகள், மென்னண்ணம், மூக்கறை என எல்லாமே வளர்ந்த ஆணின் அளவில் இருந்தன. கடைசி மாதிரிகளில் தனித்தனியே இயக்கத்தக்க அசைவுகள் சுமார் 20. நாக்கையும் குரல் நாண்களையும் மென்மையான ரப்பர் வகைப் பொருளால் வார்த்தார்கள். நாண்களை இழுத்தும் தளர்த்தியும் மூச்சுக் கலந்த குரல், கரகரத்த குரல் ஆகியவற்றை எழுப்பவும் முயன்றார்கள்.

ஏழு தலைமுறை கடந்தும் அந்த ரோபோவின் பேச்சு மெதுவாகவும் மழுங்கலாகவும்தான் இருந்தது. நாம் இயல்பாகப் பேசும்போது நொடிக்குப் பத்துக்கு மேற்பட்ட ஒலிகள் வருகின்றன. அந்த வேகத்துக்கு மோட்டாரும் கம்பியும் ஈடுகொடுக்கவில்லை. நாம் எண்ணிப் பார்க்காமலே நாள் முழுதும் செய்யும் செயல், மனித உடல் செய்யும் மிக நுட்பமான அசைவுகளில் ஒன்று என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

எலும்பில்லாத நாக்கு

எல்லா ரோபோ வாய்களும் முட்டி நிற்பது நாக்கில்தான். கைக்கும் காலுக்கும் எலும்பு உண்டு, மூட்டு உண்டு. மோட்டாரை மூட்டில் வைத்தால் போதும். நாக்குக்குள் எலும்பே இல்லை. எட்டு வகைத் தசைகள் முன்பின்னாகவும் குறுக்காகவும் மேல்கீழாகவும் அதில் பின்னிக் கிடக்கின்றன. யானையின் துதிக்கையும் கணவாய் இனங்களின் கரங்களும் இதே அமைப்புக் கொண்டவை. இவற்றின் கனஅளவு மாறுவதில்லை. ஓரிடத்தில் இறுக்கினால் இன்னோரிடத்தில் பிதுங்கியாக வேண்டும். அடியிலிருந்து நான்கு கம்பிகளால் தள்ளும் ரப்பர்த் துண்டு இதைச் செய்ய முடியாது.

நாக்கின் அருமை தமிழ் பேசுபவர்களுக்குத் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று எங்கெங்கே நிலைகொள்கிறது, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் எப்படி அதை எழுத்தொலியாக்குகின்றன என்று முறைப்படுத்திச் சொல்கிறது. ரகரமும் ழகரமும் நாநுனி நிமிர்ந்து அண்ணத்தைத் தடவுவதால் தோன்றுகின்றன என்பது அதன் விளக்கம். கருவி எதுவும் இல்லாமல், வாயை உணர்ந்தே செய்த ஆய்வு அது. 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பைர்ட், அபிகெய்ல் கான் ஆகிய மூவர் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட ஆய்வு, ர, ற, ல, ள, ழ என்ற ஐந்து ஒலிகளையும் எம்.ஆர்.ஐ. படங்களாலும் நாக்கில் ஒட்டிய உணரிகளாலும் ஆராய்ந்தது. நாநுனி எங்கே படுகிறது என்பதோடு கதை முடிவதில்லை, நாக்கின் நடுவும் பின்பகுதியும் ஒவ்வோர் ஒலிக்கும் தனி வடிவம் எடுக்கின்றன என்பதை அந்தப் படங்கள் காட்டின. ழகரத்துக்கு நாநுனி மேலே எழுந்து பின்வாங்குகிறது, அண்ணத்தை அடைப்பதில்லை, நாக்கின் அடியிலும் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடமும் ஒத்ததிர்வில் பங்கு கொள்கிறது.

ஜப்பானிய ரோபோக்கள் ஐந்து உயிரொலிகள் கொண்ட ஜப்பானிய மொழிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் நாக்கு மேலே போகும், முன்னும் பின்னும் போகும். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும் ரோபோ நாக்கைச் செய்வது இதைவிடக் கடினமான சோதனை.

தன் குரலைக் கேட்கும் இயந்திரம்

உறுப்புகள் எல்லாம் அமைந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். எந்த மோட்டாரை எவ்வளவு நகர்த்தினால் ஈகாரம் வரும்? கெம்பெலெனின் இயந்திரத்தில் இதற்கு விடை இயக்குபவரின் காதிலும் கையிலும் இருந்தது. கேட்டுக்கேட்டுக் கையைத் திருத்திக்கொண்டார். அந்தக் காதையும் இயந்திரத்துக்கே கொடுத்தால் என்ன?

ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி சவாதா இதைச் செய்தார். காற்றழுத்தி நுரையீரலாகவும், ரப்பர் நாண்கள் குரலாகவும், சிலிகோன் ரப்பர்க் குழல் வாயாகவும் அமைந்த ரோபோ அது. அதன் முன்னே ஒரு மைக்ரோஃபோன். ரோபோ முதலில் மோட்டார்களை மனம்போன போக்கில் நகர்த்தி விதவிதமாகக் கத்துகிறது. எழுந்த ஒலியைத் தானே கேட்டு, இந்த அசைவுக்கு இந்த ஒலி என்று நரம்புப் பின்னல் மென்பொருளில் பதிந்துகொள்கிறது. போதிய அளவு பிதற்றிய பிறகு, மனிதர் ஓர் உயிரொலியைச் சொன்னால் அதற்கேற்ற அசைவைத் தானே தேடிப் பிடிக்கிறது. குழந்தைகள் ஏறத்தாழ ஆறேழு மாதத்தில் ‘பபபப’, ‘மமமம’ என்று பிதற்றுவதும் இப்படி ஒரு பயிற்சிதான். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளிடம் இந்தப் பிதற்றல் தாமதமாகிறது. கேட்காத காதால் அசைவுக்கும் ஒலிக்கும் உள்ள உறவைக் கற்க முடியாது என்பதே காரணம்.

சவாதாவின் குழு அந்த ரோபோவைச் செவித்திறன் குறைந்தவர்களுக்குப் பயிற்சி தரவும் பயன்படுத்தியது. மாணவர் ஓர் ஒலியைச் சொல்கிறார். அந்த ஒலிக்குரிய வாய் வடிவை ரோபோ கணித்துக் காட்டுகிறது. தெளிவான உச்சரிப்புக்குரிய வடிவமும் பக்கத்தில் தெரிகிறது. தன் குரலைக் கேட்க முடியாதவர் தன் நாக்கு எங்கே தவறுகிறது என்று கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்கிறார். பேச்சு ரோபோக்களின் வரலாற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் முயற்சி இது. மனிதரைப் பார்த்துச் செய்த இயந்திரம் மனிதருக்கே ஆசிரியராகத் திரும்பி வருகிறது.

தாயின் பதில்

இதிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பிறந்த குழந்தையின் குரல்பாதை 8 செ.மீ. அளவுதான், தகப்பனுடையதில் பாதி. நீளம் பாதியானால் ஒத்ததிரும் அளவுகள் இரு மடங்காகும். அம்மா சொல்லும் ஆகாரத்தின் அதிர்வெண்களைக் குழந்தையால் எப்படி முயன்றாலும் எழுப்ப முடியாது. அளவெடுத்து ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு ஒலிகள். பிறகு எப்படிக் குழந்தை அம்மாவின் ஆகாரமும் தன் ஆகாரமும் ஒன்று என்று அறிகிறது?

ஒசாகா பல்கலைக்கழகத்தில் யுய்ச்சிரோ யோஷிகாவா, மினோரு அசாடா முதலியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை ரோபோவிடமே கேட்டது. மோட்டார்களால் உருமாறும் சிலிகோன் வாயும் செயற்கைக் குரலும் அந்த ரோபோவுக்கு உண்டு. அது பிதற்றும். எதிரே இருப்பவர் அந்தப் பிதற்றலில் தன் மொழியின் உயிரொலி ஒன்று தென்பட்டால் உடனே அதைத் தன் குரலில் திருப்பிச் சொல்வார். ரோபோ, தான் அப்போது செய்த அசைவையும் தான் கேட்ட பதிலையும் இணைத்துக்கொள்ளும். தன் ஒலியை அவர் ஒலியோடு ஒப்பிடவே வேண்டியதில்லை. அவர் பதில் சொன்னதே பொருத்தம் என்பதற்கு அடையாளம். ஒரே உயிரொலிக்குப் பல அசைவுகள் பொருந்தினால், குறைந்த முயற்சியில் செய்யத்தக்கதை ரோபோ தேர்ந்தெடுக்கும். இந்த வழியில் அது ஜப்பானிய உயிரொலிகளைக் கற்றது.

ஒரு ரோபோ இப்படிக் கற்றதால் குழந்தையும் இப்படித்தான் கற்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இப்படிக் கற்க முடியும் என்பது உறுதியாகிவிட்டது. குழந்தை பெரியவரைப் பார்த்துப் பேசக் கற்கிறது என்று நாம் சொல்லி வந்தோம். பெரியவர் குழந்தையைப் பார்த்துப் பேசுவதும் அதே அளவு முக்கியம் என்று அந்த ரப்பர் வாய் சொல்கிறது. மடியில் கிடக்கும் பிள்ளை ‘ஊ’ என்றால் தாயும் ‘ஊ’ என்பாள், ‘ஆ’ என்றால் தாத்தாவும் ‘ஆ’ என்பார். அது வெறும் கொஞ்சல் என்று நினைத்திருந்தோம். அதில் பாடமும் நடந்திருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது

கெம்பெலெனிலிருந்து ஒசாகா வரை வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் பேச்சின் இருப்பிடம் விரிந்துகொண்டே போயிருக்கிறது. முதலில் அது வாயின் வடிவத்தில் இருப்பதாகத் தெரிந்தது. பிறகு அசைவில் என்று தெரிந்தது. அதன்பின் கேட்கும் காதில், கடைசியில் எதிரே நின்று பதில் தரும் இன்னொரு மனிதரிடத்தில். இந்த ஒவ்வொரு படியும் இயந்திரம் ஒன்று எங்கோ தடுமாறியதால் வெளிப்பட்டது.

இந்த அறிவு நமக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது. வாய்ப் புற்றுநோய் இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. நாக்கின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு எந்த ஒலிகள் போகும், எந்த வடிவில் தசையை ஒட்டினால் எவை திரும்பும் என்பது அறுவை அரங்கில் எழும் கேள்வி. பிளவுபட்ட அண்ணத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கும், பக்கவாதத்தால் பேச்சுக் குழறியவர்களுக்கும் இதே போன்ற கேள்விகள் உண்டு. ஜப்பானியத்துக்கும் ஜெர்மனுக்கும் செய்த மாதிரிகள் தமிழ் பேசும் நோயாளிக்கு முழு விடை தர மாட்டா. லகர, ளகர, ழகரங்களை இழந்தவருக்கு அவற்றைச் சொல்லும் நாக்கின் மாதிரிதான் வழிகாட்டும்.

அப்படி ஒரு மாதிரியைச் செய்யத் தேவையானவை நம்மிடம் உள்ளன. முப்பரிமாண அச்சு இயந்திரமும் சிலிகோனும் சிறு மோட்டார்களும் இன்று பொறியியல் கல்லூரிகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. எம்.ஆர்.ஐ. கருவிகள் மாவட்டத் தலைநகரங்களில் இருக்கின்றன. ஒலியியலில் தேர்ந்த மொழியியலாளர்களும், பேச்சுப் பயிற்சியாளர்களும், காது மூக்குத் தொண்டை மருத்துவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இதைப் படிக்கும் பொறியியல் மாணவர் எவரேனும் தம் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், ழகரம் சொல்லும் நாக்கு ஒன்றைச் செய்யத் தொடங்குங்கள். முதல் முயற்சி சரியாகப் பேசாது. எந்த இடத்தில் பேசவில்லை என்று குறித்து வையுங்கள். ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.